நோட்டீஸ் வாங்க எளிய வழிகள்

வருமான வரி நோட்டீஸ் வாங்க வேண்டுமானால் பங்களா வேண்டும், நாலு கார் வேண்டும், சினிமா எடுத்திருக்க வேண்டும் என்றொரு எண்ணம் நம் மக்களிடம் இன்னும் இருக்கிறது. அதெல்லாம் பழைய கதை. 2025 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் அலிகரில் ஒரு ஜூஸ் கடைக்காரருக்கு ஏழு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு நோட்டீஸ் வந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் மத்தியப் பிரதேசத்தின் தமோவில் முட்டை விற்பவர் ஒருவருக்கு சுமார் ஆறு கோடி ஜிஎஸ்டி பாக்கி என்று நோட்டீஸ் வந்தது. அவருடைய பான் எண்ணைப் போட்டு டெல்லியில் யாரோ கம்பெனி நடத்தியிருக்கிறார்கள். முட்டைக்காரர் டெல்லி முதலாளி ஆன செய்தி இலாகாவுக்குத் தெரிந்திருந்தது, முட்டைக்காரருக்குத் தெரியவில்லை.

ஆகவே தகுதி எதுவும் தேவையில்லை. ஒரு பான் கார்டும் அதன் ஜெராக்ஸைக் கேட்ட இடத்தில் எல்லாம் கொடுக்கும் தாராள மனசும் போதும். ஆனால் எல்லோருக்கும் அப்படி அதிர்ஷ்டம் தானாக அடிக்காது. சொந்த முயற்சியில் முன்னுக்கு வர விரும்புகிறவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி.

முதலில் ஒரு அடிப்படை உண்மை. வருமான வரி இலாகாவின் கம்ப்யூட்டர் தேடுவது திருட்டை அல்ல, பொருந்தாமையை. நீங்கள் ரிட்டர்னில் எழுதியது ஒன்று, உங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிப் போட்டது இன்னொன்று. இரண்டுக்கும் இடையே இடைவெளி இருந்தால் மணி அடிக்கும். உங்களைப் பற்றி எழுதிப் போடுகிறவர்கள் யார் என்கிறீர்களா? உங்கள் பேங்க், கிரெடிட் கார்டு கம்பெனி, மியூச்சுவல் ஃபண்டு, சார்பதிவாளர் ஆபீஸ், உங்களுக்குச் சம்பளம் தரும் முதலாளி. இவர்கள் அனுப்பும் சேதிகளை எல்லாம் தொகுத்து 2021 நவம்பரில் இருந்து ‘ஏஐஎஸ்’ என்ற பெயரில் உங்களுக்கே காட்டுகிறார்கள். உங்கள் ஜாதகத்தில் இல்லாத விவரமும் அதில் இருக்கும்.

இப்போது தெரிந்திருக்கும், கணக்கு சுத்தமாகப் பொருந்தும்படி திருடுகிறவனுக்கு ஏன் மணி அடிப்பதில்லை என்று. அவனிடம் எழுதுவதற்குப் பத்து ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது ஒரு பழைய டைரி.

வழி ஒன்று: உங்கள் பணத்தை உங்கள் பேங்கில் போடுங்கள்

சேமிப்புக் கணக்கில் ஓர் ஆண்டில் 10 லட்சம் ரூபாய் ரொக்கம் போட்டால் பேங்க் அதை இலாகாவுக்குச் சொல்லியாக வேண்டும். கரண்ட் அக்கவுண்ட் என்றால் 50 லட்சம். 10 லட்சத்துக்கு ஃபிக்சட் டெபாசிட், 10 லட்சத்துக்கு ஷேர், எல்லாமே சேதிதான். கிரெடிட் கார்டு பில்லை ரொக்கமாக 1 லட்சமோ, வேறு எப்படியாவது 10 லட்சமோ கட்டினால் அதுவும் போய்ச் சேரும். நண்பனின் டிக்கெட்டுக்கும் மைத்துனனின் ஃபிரிட்ஜுக்கும் உங்கள் கார்டைத் தேய்த்தீர்கள் என்றால், கார்டு கம்பெனியின் கண்ணில் நீங்கள் ராஜா. கம்ப்யூட்டர் கண்ணில் வருமானத்துக்கு மேல் வாழ்கிறவர்.

ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். சீட்டுப் பணம், மாடு விற்ற பணம், மொய்ப் பணம் என்று நீங்கள் உண்மையைச் சொல்வீர்கள். அங்கேதான் சட்டத்தின் அழகு தெரியும். உறவினர் அல்லாதவர்கள் தந்த அன்பளிப்பு ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் அது வருமானம். கல்யாணத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் யாருக்குக் கல்யாணமோ அவர்களுக்குத்தான். மொய்யை எழுதி வாங்கித் தன் கணக்கில் போட்ட பெண்ணின் அப்பா, கல்யாணம் செய்துகொண்டவர் அல்லவே! காதுகுத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் சட்டத்தில் இடமே இல்லை. பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தை, இன்று வாங்கி நாளை திருப்பிச் செய்ய வேண்டிய அந்தக் கடனை, எந்தப் பிரிவில் அடக்குவது என்று டெல்லியில் சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்க நியாயம் இல்லை. அவர்கள் மொய் எழுதியதில்லை, வாங்கித்தான் பழக்கம்.

சரி, “மச்சானிடம் கைமாற்று வாங்கினேன்” என்று சொல்லித் தப்பலாமா? தாராளமாகச் சொல்லுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவது குற்றம். வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கேட்க இடம் இருக்கிறது. வருமானம் என்றால் வரி, கடன் என்றால் அபராதம். எந்த வாசலில் போவது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உங்களுக்கு அரசியல் சாசனம் தந்தது.

எதையும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டால் அது ‘விளக்கப்படாத பணம்’. 2016 பணமதிப்பிழப்பின் சூட்டோடு சூடாக, அந்த டிசம்பரிலேயே இதற்கான வரியை 60 சதவீதம் ஆக்கினார்கள். கூடுதல் வரி, செஸ் எல்லாம் சேர்த்தால் 77, 78 வரை போனது. கறுப்புப் பண முதலைகளுக்காகச் செய்த விகிதம் என்றார்கள். அரிசிப் பானையில் சேர்த்த பணத்தைப் பேங்க்கில் கொண்டுபோய்க் கட்டிய எத்தனையோ குடும்பத் தலைவிகள், தாங்கள் முதலைகள் என்பதை நோட்டீஸ் வந்த பிறகு அறிந்துகொண்டார்கள்.

வழி இரண்டு: ‘ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்’ என்பவரை நம்புங்கள்

ஒவ்வொரு கம்பெனி வாசலிலும், அரசு அலுவலக கேண்டீனிலும் ஒருவர் இருக்கிறார். டை கட்டியிருக்க மாட்டார், ஆனால் லேப்டாப் வைத்திருப்பார். “சார், பிடிச்ச வரி மொத்தத்தையும் திருப்பி எடுத்துடலாம், எனக்குப் பத்து பர்சென்ட் கொடுங்க போதும்” என்பார். குடியிருக்காத வீட்டுக்கு வாடகை, வாங்காத கடனுக்கு வட்டி, இல்லாத நோய்க்கு மருத்துவச் செலவு என்று உங்கள் வாழ்க்கையை அவர் புதிதாக எழுதுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு கட்சிக்கு ஒரு லட்சம் நன்கொடை. கமிஷன் போக மிச்சம் ரொக்கமாக உங்கள் கைக்கே வந்துவிடும்.

2025 ஜூலை 14 அன்று நாடு முழுவதும் சுமார் 150 இடங்களில் இலாகா இதற்காகச் சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய சில மாதங்களில் ஏறக்குறைய 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்றும் அறிவித்தது. தப்பு தப்புதான், அதில் எனக்கு வாதம் இல்லை. பொய்க் கழிவு கேட்பவன் பக்கத்து வீட்டுக்காரன் பையில் கை விடுகிறான். கையெழுத்து உங்களுடையது என்பதால் மாட்டுவதும் நீங்கள்தான்; லேப்டாப்காரர் அடுத்த கேண்டீனுக்குப் போயிருப்பார்.

ஆனால் இந்தக் கட்சிகள்? தேர்தலில் நிற்பதற்கு அல்லாமல் ரசீது அடிப்பதற்கென்றே பிறந்த கட்சிகள்? தேர்தல் கமிஷன் 2025 ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474 என்று பட்டியலில் இருந்து நீக்கியது. நிபந்தனைகளை நிறைவேற்றினால் கட்சியின் நன்கொடை வருமானத்துக்கு வரி கிடையாது. அந்த நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்று இத்தனை ஆண்டுகள் எந்தக் கம்ப்யூட்டரும் மணி அடிக்கவில்லை. ரசீது வாங்கிய கிளார்க்குக்கு அடித்த மணி, ரசீது அடித்த தலைவருக்கு ஏன் அடிக்கவில்லை என்று கேட்காதீர்கள். அது ‘கொள்கை முடிவு’.

வழி மூன்று: வீடோ நிலமோ வாங்குங்கள், விற்பனை செய்யுங்கள்

30 லட்சமும் அதற்கு மேலும் உள்ள பத்திரம் எல்லாம் சார்பதிவாளர் ஆபீஸில் இருந்து இலாகாவுக்குப் போகிறது. இந்த நாட்டில் பத்திரத்தில் எழுதிய விலை வேறு, கைமாறிய விலை வேறு என்பது பத்திர எழுத்தருக்குத் தெரியும், புரோக்கருக்குத் தெரியும், ஆபீஸ் வாசலில் டீ விற்கிறவருக்கும் தெரியும். ‘வெள்ளை எவ்வளவு, கறுப்பு எவ்வளவு’ என்று சத்தமாகவே பேரம் நடக்கிறது. தெரியாதது இலாகாவுக்கு மட்டும்தான். தெரியாத குறையைத் தீர்த்துக்கொள்ள ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள்: அரசாங்கமே நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைவிட நீங்கள் வாங்கிய விலை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அந்த வித்தியாசத்தை வருமானமாகக் கொள்வது. விற்றவருக்கும் வரி, வாங்கியவருக்கும் வரி.

கறுப்பில் வாங்குகிறவன் வழிகாட்டி மதிப்புக்குச் சரியாகப் பத்திரம் எழுதிவிட்டு மீதியைப் பையில் கொடுக்கிறான். அவனுக்கு எல்லாம் பொருந்துகிறது. கடன் நெருக்கடியில், வில்லங்கம் உள்ள நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றவன்தான் மாட்டுகிறான். அவன் கண்ணால் காணாத பணத்துக்கு வரி கேட்கிறார்கள். இப்படி வந்தால், மதிப்பீட்டு அதிகாரியிடம் மறுமதிப்பீட்டுக்கு அனுப்பும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. எத்தனை பேருக்கு அது தெரியும்?

விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உண்மையான விவசாயிக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. வரி கட்டும் அளவுக்கு அவன் சம்பாதித்தால்தானே? கோடிகளை விதைக்காமலே அறுக்கும் கனவான்கள் நகரங்களில் இருக்கிறார்கள். ஆவணங்களைச் சரிபார்க்காமலே விலக்கு கொடுத்த கேஸ்களை 2019ல் சிஏஜி அறிக்கை சுட்டிக்காட்டியது. மாட்டை விற்று பேங்க்கில் போட்டவனிடம் மாட்டுக்கு ரசீது கேட்ட அதே இலாகா இது.

வழி நான்கு: க்யூஆர் அட்டை தொங்க விடுங்கள்

டிஜிட்டலுக்கு மாறுங்கள் என்று பாட்டுப் பாடி, விளம்பரம் போட்டு, காய்கறித் தள்ளுவண்டியிலும் அட்டையைத் தொங்க விட்டார்கள். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை அந்த யுபிஐ கணக்குகளை வைத்தே ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் காய்கறி விற்பவர் ஒருவரிடம் நான்கு ஆண்டு வரவைக் கூட்டி 29 லட்சம் கேட்டார்கள். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதை இலாகாவுக்குக் காய்கறிக்காரர் சொல்லித்தர வேண்டியிருந்தது. பெங்களூரில் ‘யுபிஐ இல்லை, கேஷ் மட்டும்’ என்று அட்டைகள் தொங்கின. கடையடைப்பு அறிவிப்பு வந்தது. அதன் பிறகு முதலமைச்சர் சித்தராமையா பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்றார்.

இதில் உள்ள பாடத்தைக் கவனியுங்கள். கணக்கில் தெரியும்படி வியாபாரம் செய்தவனுக்கு நோட்டீஸ். கல்லாவில் ரொக்கமாகவே போட்டுக்கொண்ட எதிர்க்கடைக்காரனுக்கு நிம்மதி. நேர்மைக்கு இவ்வளவு விரைவாகத் தண்டனை தரும் ஏற்பாடு வேறு எந்த இலாகாவிலும் இல்லை.

வழி ஐந்து: மறந்துவிடுங்கள்

ஃபிக்சட் டெபாசிட் வட்டிக்கு பேங்க் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துவிட்டது, அதோடு தீர்ந்தது என்று நினைத்து ரிட்டர்னில் எழுதாமல் விடுங்கள். ஆண்டு நடுவில் வேலை மாறி, இரண்டு கம்பெனியிலும் விலக்கு வாங்கிக்கொண்டு, ஒரு சம்பளத்தை மட்டும் காட்டுங்கள். ஷேர் மார்க்கெட்டில் நஷ்டம்தானே, நஷ்டத்தை யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுங்கள். எல்லாம் ஏஐஎஸ்ஸில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

இதைவிட உத்தமமான மறதி ஒன்று உண்டு. ரிட்டர்ன் போட்டுத் தருபவரின் ஈமெயிலும் செல்போன் எண்ணுமே உங்கள் கணக்கில் பதிந்திருப்பதை மறந்துவிடுவது. நோட்டீஸ் அவருக்குப் போகும். அவர் கல்யாண வேலையில் இருப்பார். கெடு முடியும். பதில் வராததால் அதிகாரி தனக்குத் தோன்றியபடி வரி போடுவார். அதற்கு ‘சிறந்த தீர்மானத்தின்படி மதிப்பீடு’ என்று பெயர். யாருக்குச் சிறந்தது என்று சட்டம் சொல்லவில்லை.

நோட்டீஸே வராமல் இருக்க

ஒரே வழிதான். பெரிய ஆளாகிவிடுங்கள்.

நிர்மலா சீதாராமன் 2019 ஜூலை 5 அன்று தமது முதல் பட்ஜெட் உரையில் பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாட்டைத் தமிழிலேயே சொல்லி நம்மைப் புல்லரிக்க வைத்தார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் இறங்கினால் வாய்க்குள் போவதைவிட காலில் மிதிபடுவது அதிகம் என்பது அதன் சாரம். மேசையைத் தட்டினார்கள். இரண்டரை மாதம் கழித்து, செப்டம்பர் 20 அன்று, கம்பெனி வரியின் அடிப்படை விகிதம் 30ல் இருந்து 22 சதவீதம் ஆனது. புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15. அரசுக்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் குறையும் என்று அவரே சொன்னார். அந்த வயலுக்குள் யானை போகவே வேண்டாம் என்று வேலி போட்டாயிற்று. பசித்த யானை எங்கே போகும்? 2023-24ல் கம்பெனிகள் கட்டிய நிகர வரி சுமார் 9.11 லட்சம் கோடி. தனிநபர்கள் கட்டியது சுமார் 10.44 லட்சம் கோடி. பிசிராந்தையார் பாடியது பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அறிவுரையாக. நமக்கு வந்து சேர்ந்தது யானை மட்டும்.

பெரியவர்களுக்குக் காலச்சக்கரமே திரும்பிச் சுழலும். வோடஃபோன் வழக்கில் 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். 2021ல் அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெற்று, சர்வதேச நடுவர் மன்றம் வரை போன கெய்ர்ன் கம்பெனிக்கு சுமார் 7,900 கோடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். முன்தேதியிட்டது அநியாயம்தான், திருப்பிக் கொடுத்ததும் சரிதான். ஆனால் உங்கள் 8,000 ரூபாய் ரீஃபண்டுக்காக எந்தச் சர்வதேச நடுவர் மன்றம் உட்காரும்?

யார் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று வாக்காளனுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே 2018ல் தேர்தல் பத்திரம் விற்றார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று சுப்ரீம் கோர்ட் ரத்து செய்யும்வரை ஆயிரக்கணக்கான கோடிகள் அப்படிக் கைமாறின. உங்கள் மாமா கொடுத்த 50,000க்கு மாமாவின் பான் எண், பேங்க் ஸ்டேட்மெண்ட், அவருக்கு அந்தப் பணம் வந்த வழி, மூன்றும் வேண்டும்.

நேரடி வரி பாக்கி 40 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டி நிற்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வசூலாவது கடினம் என்று இலாகாவே நாடாளுமன்றக் குழுவிடம் 2025ல் ஒப்புக்கொண்டது. அந்தப் பாக்கியில் ஒரு பெரும்பகுதி, வசூலாகாது என்று தெரிந்தே ஏற்றிப் போட்ட கற்பனை டிமாண்ட் என்பது இலாகாவைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வது. இப்படி ஏற்றிப் போடும் மதிப்பீடுகளுக்கு ‘ஹை பிட்ச்டு’ என்று அரசாங்கமே பெயர் வைத்து, அந்தக் குறைகளைக் கேட்க 2015ல் உள்ளூர்க் கமிட்டிகளும் அமைத்தது. தன் ஆட்கள் அநியாயமாக வரி போடுவார்கள் என்பதை ஒரு அரசு இதைவிட நேர்மையாக ஒப்புக்கொள்ள முடியாது. அப்படிப் போட்ட அதிகாரி யாராவது தன் சம்பளத்தில் இருந்து ஒரு ரூபாய் கட்டினாரா என்று மட்டும் கேட்கக் கூடாது.

முகம் இல்லாதவரோடு மல்லுக்கட்டுவது

முன்பெல்லாம் சென்னைக்காரர்கள் நுங்கம்பாக்கம் ஆயக்கர் பவனுக்குப் படியேறிப் போய் அதிகாரியின் முகத்தைப் பார்ப்பார்கள். முகம் பார்த்தால் லஞ்சம் கேட்பார்கள் என்று, 2020 ஆகஸ்ட் 13 அன்று முகமற்ற மதிப்பீட்டை நாடு முழுவதற்கும் கொண்டு வந்தார்கள். நோக்கம் நல்லது. ஆம்பூர் தோல் வியாபாரியின் கணக்கை, ஆம்பூர் எந்தத் திசை என்றே தெரியாத ஒருவர் வேறு மாநிலத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். லஞ்சம் கேட்க வழியில்லை; விளக்கம் சொல்லவும் வழி குறுகிவிட்டது. மொய் நோட்டை ஸ்கேன் செய்து ஏற்றினால், அதைப் படிக்கத் தமிழ் தெரிந்தவர் கிடைக்க உங்களுக்கு நல்ல நேரம் இருக்க வேண்டும்.

அதே நாளில் வரி செலுத்துவோர் சாசனமும் வந்தது. இலாகா தரும் உறுதிகள் 14, நாம் தர வேண்டியவை 6. சந்தேகப்படக் காரணம் இல்லாதவரை ஒவ்வொருவரையும் நேர்மையானவராக நடத்துவோம் என்பது அந்தப் பதினான்கில் ஒன்று. படித்துப் பாருங்கள், சிரிப்பு அடங்கியதும் அடுத்த பத்திக்கு வாருங்கள். இனி நான் சொல்வதில் கிண்டல் கிடையாது.

நோட்டீஸ் வந்ததும் பயந்து, “இலாகாவில் நமக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு, கேஸை முடிச்சுத் தர்றேன்” என்பவரிடம் ஓடாதீர்கள். ஸ்க்ரூட்டினி எனும் விரிவான ஆய்வுக்கு எடுக்கும் ரிட்டர்ன்கள் நூற்றில் ஒன்றுகூட வருவதில்லை. 2018-19ல் இலாகா சொன்ன கணக்கு 0.25 சதவீதம். உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் 143(1) பிரிவில் வரும் கம்ப்யூட்டர் கடிதமாக இருக்கும்.

முதலில், அந்தக் கடிதம் அசலா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் இலாகா கடிதங்களில் ‘டின்’ எனும் ஆவண எண் இருக்க வேண்டும். இலாகாவின் இணையதளத்தில் அதைப் போட்டால் உண்மை தெரிந்துவிடும். மெசேஜில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். கணக்கில் உங்கள் சொந்த ஈமெயிலும் எண்ணும் இருக்கட்டும்.

பிறகு பிரிவு எண்ணைப் பாருங்கள். 143(1) என்றால் கூட்டல் கழித்தல் வித்தியாசம். திருத்தம் செய்யப் போவதாக முன்கூட்டிக் கேட்டிருந்தால் 30 நாளில் பதில் சொல்லலாம். கம்ப்யூட்டர் தப்பு என்றால் 154ல் திருத்தக் கேட்கலாம். 142(1) என்றால் கேள்வித்தாள். 143(2) என்றால்தான் ஸ்க்ரூட்டினி. ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் அது வந்திருக்க வேண்டும், பிந்தினால் செல்லாது. 148 என்றால் பழைய ஆண்டைத் தோண்டுகிறார்கள். சாதாரணமாக மூன்றேகால் ஆண்டு வரை, தப்பிய வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஐந்தேகால் ஆண்டு வரை. தோண்டும் முன்பு காரணத்தைச் சொல்லி உங்கள் பதிலைக் கேட்டாக வேண்டும். இந்த எண்கள் எல்லாம் 1961 சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 536 பிரிவுகள் கொண்ட புதுச் சட்டம். நாம் மனப்பாடம் செய்து முடித்ததும் எண்களை மாற்றினார்கள். முந்தைய ஆண்டுகளின் கேஸ்களுக்குப் பழைய எண்களே ஓடும்.

ஏஐஎஸ்ஸில் தப்பாக ஏதாவது இருந்தால் அங்கேயே, ‘இது என்னுடையது அல்ல’, ‘இரண்டு முறை வந்திருக்கிறது’ என்று மறுப்பு பதியலாம். பான் எண்ணை யாராவது திருடியிருந்தால் அன்றே போலீஸில் புகார் கொடுத்து அந்த நகலைப் பதிலோடு சேருங்கள். தப்பு உங்களுடையது என்றால், இலாகா பிடிக்கும் முன்பே திருத்தப்பட்ட ரிட்டர்ன் போடுங்கள். கெடு முடிந்திருந்தால் கூடுதல் வரியோடு ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ போட நான்கு ஆண்டுவரை இடம் இருக்கிறது. குறைத்துக் காட்டியதற்கு அந்த வரியில் 50 சதவீதம் அபராதம்; பொய்யாகக் காட்டியதற்கு 200. தானாகச் சொல்பவனுக்கே விலை குறைவு.

சிறு கடைக்காரர்கள் கவனிக்க: விற்றுமுதல் 2 கோடிக்குள் என்றால் ரொக்க விற்பனையில் 8 சதவீதம், டிஜிட்டல் விற்பனையில் 6 சதவீதம் லாபம் என்று காட்டிக் கணக்கை முடிக்க 44ஏடி பிரிவு இருக்கிறது. யுபிஐயில் வந்ததெல்லாம் லாபம் அல்ல, விற்பனை. கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று பிரியுங்கள். மகன் அனுப்பிய பணமும் பருப்பு விற்ற பணமும் ஒரே இடத்தில் கிடந்தால் இரண்டும் விற்பனைதான்.

பதில் எழுதும்போது கேட்டதற்கு மட்டும், வரிசை எண் போட்டு, ஆதாரத்தோடு எழுதுங்கள். அழுகையும் ஆவேசமும் வேண்டாம். அவகாசம் தேவை என்றால் கெடு முடியும் முன்பே கேளுங்கள். வரியை ஏற்றப் போவதாக அறிவிப்பு வந்தால் வீடியோவில் நேர்முக விசாரணை கேட்கும் உரிமை உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். ஆணை தப்பாக வந்தால் 30 நாளில் மேல்முறையீடு. கட்டணம் அதிகம் போனால் 1,000 ரூபாய். தகராறில் உள்ள வரியில் 20 சதவீதம் கட்டினால் மீதியை நிறுத்தி வைக்கலாம் என்பது 2017ல் இலாகா ஏற்படுத்திய வழக்கம். தப்பாகப் போட்ட வரியிலும் ஒரு பங்கைக் கட்டினால்தான் மீதியை நிறுத்தி வைப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டு கடிகாரங்கள்

நமக்கு மேல்முறையீட்டுக்கு 30 நாள். அதை விசாரிக்கும் கமிஷனருக்கு? ‘இயன்றால்’ ஓராண்டுக்குள் முடிக்கலாம் என்கிறது சட்டம். இயலவில்லை போலும், 5 லட்சத்துக்கு மேல் மேல்முறையீடுகள் அந்தப் படியிலேயே தேங்கிக் கிடக்கின்றன.

நாம் வரியைத் தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. நம் பணத்தை அவர்கள் வைத்திருந்தால் மாதம் அரை சதவீதம். ஒரே பணம், ஒரே அரசு, ஒரே மாதம். வட்டி மட்டும் இரண்டு. எந்தக் கந்துவட்டிக்காரனும் இந்தக் கணக்கை எழுதி அச்சடித்து சட்டம் என்று பெயர் வைக்கத் துணியமாட்டான்.

2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் ஒரு பெருந்தன்மை அறிவிப்பு வந்தது. 2009-10 வரையிலான 25,000 ரூபாய் வரைக்குமான, 2010-11 முதல் 2014-15 வரையிலான 10,000 ரூபாய் வரைக்குமான பழைய பாக்கிக் கோரிக்கைகள் கைவிடப்படும். ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு நன்மை என்றார்கள். அவற்றில் சில 1962ஆம் ஆண்டில் இருந்தே நிற்பவை என்று அமைச்சரே சொன்னார். ஒரு கோடிப் பேர் மேல் சரிபார்க்கப்படாத பாக்கியை எழுதி வைத்து, அவர்களுடைய ரீஃபண்டை அதற்காகப் பிடித்துக்கொண்டிருந்த இலாகா, மன்னிப்புக் கேட்கவில்லை. நம்மை மன்னித்தது.

வரி கட்டுவது கடமை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சாலையும் அதில்தான் நடக்கின்றன. ஏய்ப்பவனுக்காக ஒரு சொல்லும் பரிந்து பேச மாட்டேன். ஆனால் கணக்கு இரு பக்கமும் பொருந்த வேண்டும். ரீஃபண்டுக்கும் பாக்கிக்கும் ஒரே வட்டி வையுங்கள். மேல்முறையீட்டுக்கு ‘இயன்றால்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கெடு வையுங்கள். கெடு தாண்டினால் டிமாண்ட் விழட்டும். ஆதாரம் இல்லாமல் ஏற்றிப் போட்ட வரி மேல்முறையீட்டில் விழுந்தால், போட்டவரின் பணிப்பதிவேட்டில் அது ஏறட்டும். தமிழில் வந்த ஆதாரத்தைத் தமிழ் தெரிந்தவர் படிக்கட்டும்.

இதை உங்கள் எம்.பி.யிடம் எழுதிக் கேளுங்கள். அவர் பதில் போடாவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். உங்களிடம் 30 நாளில் பதில் கேட்கிறவர்களிடம் பதில் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.